ராத்திரி ஷிஃப்ட் பேரனுக்கு அப்பாரு சொல்ற புத்தி

கண்ணு, நீ கெட்டிக்காரன். அதுல அப்பாருக்குச் சந்தேகமே இல்லை. நடுராத்திரி ரெண்டு மணிக்குத் திரையில செவப்பா ஒரு வரி ஓடுனா, அதைப் படிக்காமயே நாலு பேருக்கு ஃபார்வர்டு பண்ணுவே பாரு, அந்த வெசை எல்லாருக்கும் வராது. "ப்ளீஸ் செக்"னு ரெண்டே வார்த்தை, அதோட உன்ர சோலி முடிஞ்சுது. ஸ்டோரேஜ் டீம்காரன் பெட்டியைப் பாத்துப்போட்டு "எல்லாம் பச்சையாத்தான் இருக்குது"ம்பான். நெட்வொர்க் டீம்காரன் "எங்க பக்கம் இஷ்யூ இல்லை"ம்பான். வெடியறதுக்குள்ள டிக்கெட்டு ரெண்டு டீமையும் சுத்திப்போட்டு உன்ர கிட்டயே வந்து நிக்கும். நீயும் "ஆட்டோ ரிசால்வ்டு"னு எழுதி மூடிப்போட்டு ஆபீஸ் வண்டி ஏறிருவே. ஒண்ணாந்தேதி சம்பளம் வந்துரும். இதுல கொறை சொல்ல என்ன இருக்குது?

நான் மில்லு கம்ப்யூட்டர் ரூம்ல டேப் மாத்தறதுல ஆரம்பிச்சு, ஃபைபர் கேபிள் சொருகற காலம் வரைக்கும் இருந்துபோட்டு ரிட்டையர் ஆன கெழவன். வாய் சும்மா இருக்காது. ஃபார்வர்டு பண்ணறதுக்கு முன்னால அந்த வரியை ஒருக்கா படிச்சுத்தான் பாரேன். படிச்சதுக்கெல்லாம் எந்தக் கம்பெனியும் இன்னும் பிடித்தம் போடலை.

படிக்கறப்ப இதை நெனப்புல வெச்சுக்க. சர்வர் லாக்ல இருக்கறது சர்வரோட தாக்கல் மட்டும்தான். அதுக்குத் தெரிஞ்சது இத்தனைதான்: "கேட்டேன், பதில் வரலை." கேபிள் அந்துபோச்சா, சுவிட்ச் தூங்குதா, அந்தப் பக்கத்துப் பெட்டிக்கு வேற சோலி இருக்குதா, எதையும் அது கண்ணால பாக்கலை. நீதான் அந்த வரியைக் கையில புடிச்சுக்கிட்டு "ஸ்டோரேஜ் டவுன்"னு சப்ஜெக்ட் எழுதறே. சர்வர் சொல்லாததைச் சர்வர் பேரைச் சொல்லிச் சொன்னா அதுக்கு நம்மூர்ல ஒரு பேரு இருக்குது. உங்காத்தா பக்கத்துல இருக்கறா, வேண்டாம் விடு.

விண்டோஸ் சர்வரையே எடுத்துக்க. ஐஸ்கஸிங்கறது என்ன? எங்கயோ இருக்கற டிஸ்க்கை, நெட்வொர்க் கேபிள் வழியா, தன்ர வவுத்துக்குள்ளயே இருக்கறதா சர்வரை நம்ப வெக்கற ஏற்பாடு. பேச்சு டிசிபி போர்ட் 3260ல நடக்கும். பேச்சு அந்துதுன்னா ஈவென்ட் வியூவர்ல 20ன்னு ஒரு எண்ணு செவப்புல வந்து உக்காரும்: டார்கெட்டோட, அதான் டிஸ்க் இருக்கற பெட்டியோட, தொடர்பு போச்சு, மறுக்கா முயற்சி பண்ணறேன். உடனே உனக்கு வவுறு கலங்கும். நாலு வரி தள்ளி 34ன்னு ஒண்ணு வரும்: தொடர்பு போச்சு, ஆனாத் திரும்பச் சேந்துக்கிட்டேன். இது செவப்பு இல்லை, அதனால நீ இதைப் பாக்க மாட்டே. மானிட்டரிங் டூலும் பாக்காது. எரரை மட்டும் பொறுக்கிக் குடுன்னு அதுக்கு நீதானே சொல்லி வெச்சிருக்கறே.

டெல் ஈக்வல்லாஜிக் பெட்டியில இந்தக் கூத்து அதிகம். ஒரு போர்ட்டுல கூட்டம் எச்சானா, "அந்தப் பக்கத்து வாசல்ல வா"ன்னு சர்வரை வெளிய தாட்டிவிட்டு வேற போர்ட்டுல சேத்துக்கும். பெட்டியோட லாக்ல "லோடு பேலன்சிங் கோரிக்கை வந்துச்சு, செஷனை மூடுனேன்"னு காரணமே எழுதியிருக்கும். சர்வர் லாக்ல காரணம் இருக்காது, செவப்பு மட்டும் இருக்கும். டார்கெட்டே பாத்து "லாக்அவுட் பண்ணு"ன்னு கேக்கலாம்ங்கறதுக்கு 2004 ஏப்ரல்ல வந்த ஆர்எஃப்சி 3720லயே எடம் இருக்குது. 2014ல 7143ன்னு புதுசா எழுதுனப்பவும் அந்த எடத்தை எடுக்கலை. இந்தச் சங்கதிக்கு நீ ராத்திரி எழுப்பிவிட்ட ஸ்டோரேஜ்காரனுக்குப் பச்சைக் கொழந்தை இருக்குதாம். அவன் சம்சாரம் உன்ர பேரைத் தெரிஞ்சு வெச்சிருக்கறா.

ஆனா 20 வந்து 34 வரலைன்னா தொடர்பு இன்னும் திரும்பலைன்னு அர்த்தம். 9 வந்து பின்னாலயே 39 வருதுன்னு வெய்யி. 9ன்னா டார்கெட் நேரத்துக்குப் பதில் சொல்லலை. 39ன்னா பொறுத்துப் பாத்துப்போட்டு டார்கெட்டை ரீசெட் பண்ணச் சொல்லி ஆள் அனுப்பியாச்சு. இங்க தொடர்பு அறலை, பேச்சுத்தான் நடக்கலை. இது வேற சீக்கு. லாகின் ஆகுது, பிங் போகுது, பெருசா ஒரு ஃபைலைக் காப்பி பண்ணுனாத் தொங்குதுன்னா எம்டியூவை, அதான் பாக்கெட் எத்தனை பெருசா இருக்கலாம்ங்கற அளவை, பாரு. சர்வர்லயும் பெட்டியிலயும் 9000 வெச்சுப்போட்டு நடுவுல ஒரே ஒரு சுவிட்ச்சுல 1500ன்னு விட்டிருப்பாங்க. "பிங் போகுது சார்"னு நெஞ்சை நிமித்தாதே. விண்டோஸ் பிங் சும்மா 32 பைட்டு தூக்கிட்டுப் போறது; அதுக்கு எந்த சந்துலயும் எடம் கெடைக்கும். துண்டாக்கக் கூடாதுன்னு சொல்லி 8972 பைட்டுல பிங் பண்ணு. மிச்சம் 28 எங்கன்னு கேக்காதே. ஐபி தலைப்பு 20, ஐசிஎம்பி தலைப்பு 8.

லினக்ஸ்காரன் எண்ணாத்தான் பேசுவான். "டிடெக்டெட் கான் எரர்"னு போட்டு அடைப்புக்குறிக்குள்ள ஒரு எண்ணு. நம்ம பசங்க 1011, 1020, 1022 மூணையும் ஒரே டப்பாவுல போட்டு "ஐஸ்கஸி எரர்"னு பேரு வெச்சு மூடிருவாங்க. மூடறதுல அத்தனை சுறுசுறுப்பு. 1020ன்னா அந்தப் பக்கத்துக்காரன் டிசிபி தொடர்பைத் தானே மூடிப்போட்டான்னு அர்த்தம். ஆளு உசுரோடதான் இருக்கான், கதவைச் சாத்தியிருக்கான். பெட்டியில கண்ட்ரோலர் மாறுச்சா, ஃபர்ம்வேர் ஏத்துனாங்களான்னு ஸ்டோரேஜ்காரனைக் கேக்கலாம். இந்தக் கேள்விக்கு அவனால "பச்சையா இருக்குது"ன்னு தப்பிக்க முடியாது. 1022ன்னா "இருக்கறயா"ன்னு கேட்டதுக்கு எந்தச் சத்தமும் இல்லை. வழியைத் துழாவணும். 1011 பொதுப்பேரு, தொடர்பு கெட்டுதுங்கறதுக்கு மேல அதுக்கு ஒண்ணும் சொல்லத் தெரியாது. பழைய கெர்னல்ல அந்த "இருக்கறயா"வுக்குப் பதில் வராட்டியும் இதே 1011தான் போடும். 1015 வந்தா மட்டும் எந்திரிச்சு உக்காரு. டேட்டா வந்து சேந்துது, ஆனா வழியில கெட்டு வந்துருக்குது. அதுக்கு நீ நாப்பது பேருக்கு ஃபார்வர்டு பண்ணுனாலும் நான் குறுக்க வர மாட்டேன்.

அந்த "இருக்கறயா" கணக்கு ஒண்ணு இருக்குது, அதைத் தெரிஞ்சுக்காமத்தான் பாதி சண்டை. வழக்கமா வர்ற அமைப்புல, அஞ்சு செகண்டு அந்தப் பக்கத்துலயிருந்து ஒண்ணும் வரலைன்னா சர்வர் ஒரு வெறும் பாக்கெட் அனுப்பிக் கேக்கும். இன்னொரு அஞ்சு செகண்டு பாக்கும். அதுக்கப்புறம்தான் லாக்ல எழுதும். ஆக வரி விழுந்த நேரம் 2 மணி 14 நிமிஷம் 20 செகண்டுன்னா, பேச்சு நின்னது அதுக்குப் பத்து செகண்டு முன்னால. நீ நெட்வொர்க்காரன் கிட்ட "டூ ஃபோர்ட்டீன் ட்வென்ட்டி"ன்னு செகண்டு சுத்தமாச் சொல்றே. அவனும் செகண்டு சுத்தமா அங்கயே பாத்துப்போட்டு "ஒண்ணுமில்லையே"ங்கறான். ரெண்டு பேரும் சத்தியவான்கள். அவன் பத்து செகண்டு மேல ஸ்க்ரோல் பண்ணியிருந்தா போர்ட் விழுந்து எந்திரிச்ச வரி கெடைச்சிருக்கும்.

அதே வரியில லாஸ்ட் ஆர்எக்ஸ், லாஸ்ட் பிங், நௌன்னு நீளநீளமா மூணு எண்ணு இருக்கும். அதைத் தேதின்னு நெனைச்சு ஒருத்தன் காலண்டர்ல தேடிட்டு இருந்தான். நல்ல பையன், சம்பளமும் உன்னைக் காட்டிலும் எச்சு. அது கெர்னலோட துடிப்புக் கணக்கு. முழு எண்ணைப் பாக்காதே, வித்தியாசத்தைப் பாரு. செகண்டுக்கு 1000 துடிப்பு வெச்ச கெர்னல்ல கடைசி எண்ணுக்கும் மொதல் எண்ணுக்கும் 10,000 வித்தியாசம் இருந்தா அதே பத்து செகண்டு. 250 துடிப்பு கெர்னல்னா 2,500. வித்தியாசம் இதுக்கு மேல எங்கயோ போகுதுன்னா, அந்தப் பக்கத்தைச் சந்தேகப்படறதுக்கு முன்னால உன்ர சர்வரே சித்த நேரம் செத்துப் பொழைச்சுதான்னு பாரு.

இதுக்கு அடுத்தது 120. பேச்சு அறுந்த பொறகு ஐஸ்கஸி 120 செகண்டு வரைக்கும் மேல யார்கிட்டயும் மூச்சு விடாது. திரும்பச் சேந்துக்கலாம்னு முயற்சி பண்ணிட்டே இருக்கும். அதுவரைக்கும் டிஸ்க்கைக் கேட்ட புரோகிராமெல்லாம் அப்படியே நிக்கும். இன்னொரு பக்கம் கெர்னலும், ஒரு டாஸ்க் 120 செகண்டு அசையலைன்னாத்தான் "பிளாக்டு ஃபார் மோர் தேன்"னு புலம்பும். ஆக ரெண்டு நிமிஷம் வரைக்கும் ஊரே அமைதி. ரெண்டு நிமிஷம் ஆனதும் ஒரே சமயத்துல எல்லாம் செவப்பாக் கொட்டும். டேட்டாபேஸ்காரன் அழுவான், அப்ளிகேஷன்காரன் பிரிட்ஜ் கால் போடுவான், மேனேஜர் "எப்ப ஆரம்பிச்சுது"ம்பாரு. நீ அந்தக் கொட்டுன நேரத்தைச் சொல்லுவே. ஆர்சிஏ அறிக்கையில அதான் ஏறும். ரெண்டு நிமிஷம் முன்னால ஒத்தை வரியா விழுந்தது அப்படியே கெடக்கும்.

இடையில ஜர்னல் எழுத முடியாம ஃபைல்சிஸ்டம் ரீட்-ஒன்லியா மாறியிருந்தா இன்னொரு வேடிக்கை. தொடர்பு வந்துரும், அலர்ட் பச்சையாயிரும், நீ டிக்கெட்டை மூடிருவே. ஆனா ஃபைல்சிஸ்டம் தானா எழுத்துக்குத் திரும்பாது. யாராவது பாத்துச் சரிபண்ணி ஏத்தணும். பகல் ஷிஃப்ட்காரன் வந்து உன்னைத்தான் வாயார வாழ்த்துவான்.

இனி எனக்கு நெஞ்சுல பயம் வர்ற வரிக்கு வர்றேன். அது செவப்பு இல்லை.

சர்வர்லயிருந்து டிஸ்க்குக்கு ஒத்தைத் தடம் ஆகாதுன்னு ரெண்டோ நாலோ தடம் போட்டிருப்பாங்க. லினக்ஸ்ல மல்டிபாத்டின்னு ஒரு காவல்காரன் தடத்துக்குத் தடம் போய் "தயாரா"ன்னு கேட்டுட்டு வருவான். ஒரு தடம் செத்துதுன்னா மரியாதையா எழுதி வெப்பான்: ரிமெய்னிங் ஆக்டிவ் பாத்ஸ், 3. யாருக்கும் ஒண்ணும் ஆகலை. அடுத்த மாசம் யாரோ ரேக்குல கை வெச்சு 2. இப்பவும் யாருக்கும் ஒண்ணும் ஆகலை. அப்புறம் 1. டேட்டாபேஸ் ஓடுது, வெப்சைட் ஓடுது, ஒரு பயலும் ஃபோன் பண்ணலை. உன்ர மானிட்டரிங்ல 0 வந்தாத்தான் மணி அடிக்கணும்னு வெச்சிருக்கறே. நல்ல ஏற்பாடு. 0 வந்ததும் நீ முழிச்சுக்குவே, முழிச்சு என்ன பண்ணப்போறேன்னு மட்டும் கேக்காதே. அதுலயும் "தடம் இல்லாட்டி வரிசையில நிக்க வெய்யி"ன்னு கான்ஃபிக் பண்ணியிருந்தா, 0 ஆன பொறகு மேல எரரே வராது. எல்லா வேலையும் டிஸ்க்குக்காக நிக்கும், நின்னுட்டே இருக்கும். டேஷ்போர்டுல எரர் கணக்கு சுழியம்னு காட்டும். நீயும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புவே.

நாலு தடம் இருக்குதுன்னும் நெஞ்சை நிமித்தாதே. நம்ம தோட்டத்துக்கும் ரெண்டு தடம் இருக்குது, மேக்கால ஒண்ணு, தெக்கால ஒண்ணு. மழை பேஞ்சு பள்ளத்துல தண்ணி வந்தா ரெண்டுலயும் போக முடியாது, ரெண்டும் ஒரே பள்ளத்தைத்தான் தாண்டுது. உன்ர நாலு தடத்துல எத்தனை ஒரே சுவிட்ச் வழியா, ஒரே கார்டு வழியா போகுதுன்னு பகல்ல ஒருக்கா எண்ணிப் பாரு. லாக்ல ரெண்டு தடம் ஒரே செகண்டுல செத்து ஒரே செகண்டுல எந்திரிச்சா, அது ரெண்டு இல்லை. பேருதான் ரெண்டு.

சாகறதும் பொழைக்கறதுமா இருக்கற தடம் இன்னும் மோசம். ஃபெயில்டு, ரீஇன்ஸ்டேட்டடு, ஃபெயில்டு, ரீஇன்ஸ்டேட்டடு. ஒவ்வொரு தடவையும் நல்ல சேதி வர்றதால டிக்கெட்டு தானா மூடிக்கும். ஃபைபர் சேனல்ல இப்படி ஆடுனா நான் சாஃப்ட்வேரைத் தொடமாட்டேன், மொதல்ல சுவிட்ச் போர்ட்டுல சிஆர்சி எரர் எண்ணிக்கையையும் எஸ்எஃப்பிக்கு வந்து சேர்ற வெளிச்சத்தோட அளவையும் பாப்பேன். மல்டிமோடு ஃபைபர்ல வெளிச்சம் போற நடுப்பகுதி 50 மைக்ரான், சிங்கிள்மோடுல 9 மைக்ரான் சொச்சம். அதுல ஒரு தூசி உக்காந்தா மறைக்கறதுக்கு அதுவே தாராளம். கேபிளைக் கழட்டி வாயால ஊதிச் சொருகறவனை நான் பாத்திருக்கேன், எச்சிலோட சொருகுவான். அதுக்குன்னே கிளீனர் பேனா விக்கறாங்க கண்ணு, உன்ர கம்பெனி காப்பி மெஷினுக்கு ஆகற செலவுல பத்துப் பேனா வாங்கலாம். சிஆர்சி எண்ணிக்கையைப் பாத்ததும் "ஐயோ எட்டாயிரம்"னு அலறாதே. கவுண்டர் கடைசியா எப்பத் தொடைச்சாங்களோ அன்னியிலிருந்து சேந்த பாவம் அது. குறிச்சு வெச்சுப்போட்டு அரைமணி கழிச்சு மறுக்கா பாரு. ஏறுதான்னுதான் கேள்வி.

விஎம்வேர்காரன் மட்டும் மேடைப்பேச்சாளன். "வால்யூமோட தொடர்பு போச்சு, மீட்பு முயற்சி நடக்குது, முடிவு சீக்கிரம் அறிவிக்கப்படும்"னு நீட்டி எழுதுவான். முடிவு அறிவிக்கப்படும்னு அவனே சொல்றப்ப, முடிவைத் தேடறதுதானே மொறை? "தொடர்பு திரும்பக் கெடைச்சுது"ன்னு வரி இருக்குதா, எத்தனை செகண்டு கழிச்சு, அதைப் பாரு. எல்லாத் தடமும் போச்சுங்கற நெலைக்கு அவன் ஏபிடிம்பான். பெட்டி திரும்பி வரலாம்னு வழக்கமா 140 செகண்டு நம்பிக்கையோட நிப்பான். பிடிஎல்னு வந்தா கதையே வேற. பெட்டியே பேசி "அந்த லன், அதான் நீ கேக்கற டிஸ்க், இங்க இல்லை"ன்னு சொல்லிருச்சு. அதுக்கு சுவிட்சைத் தடவாதே. ஸ்டோரேஜ் டீம்ல யாரோ லன்னை எடுத்திருக்காங்களான்னு கேளு. சாயங்காலம் பண்ணுன சேஞ்சை ஒருத்தனும் தானா ஒத்துக்கமாட்டான்.

லேட்டன்சி 60,000 ஆயிருச்சுன்னு பதறாதே, மைக்ரோசெகண்டுன்னு பக்கத்துலயே எழுதியிருக்கான். அறுபது மில்லிசெகண்டு. நல்லதில்லைதான், ஆனாத் தீப்புடிக்கலை. தெனமும் அதே நேரத்துக்கு வந்தா பேக்கப் எப்ப ஓடுதுன்னு பாரு.

இன்னொண்ணு, ஈஎஸ்எக்ஸ்ஐ லாக் எழுதறது யூடிசி நேரத்துல. நம்ம நேரத்துக்கு அதோட 5 மணி 30 நிமிஷம் கூட்டணும். விண்டோஸ் ஈவென்ட் வியூவர் உள்ளூர் நேரத்தைக் காட்டும். சுவிட்ச்சுல கடிகாரத்தை யாராவது சரிபண்ணுனாங்களாங்கறது அந்த மாரியாத்தாளுக்குத்தான் வெளிச்சம். மூணு லாக்கையும் பக்கத்துல பக்கத்துல ஒட்டி மெயில் போடறியே, எந்த நேரம்னு எழுதுனியா? 20:44க்கு விஎம்வேர் அழுதுது, 2:14க்கு விண்டோஸ் அழுதுது, ரெண்டுக்கும் சம்பந்தமில்லைன்னு ஒரு பெரிய மனுஷன் அறிக்கை எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்காரு. கூட்டிப் பாரு கண்ணு, ரெண்டும் ஒரே நிமிஷம்.

நேரம் சரியானா மிச்ச வேலை பாதி முடிஞ்சுது. ஒரு சர்வர் மட்டும் கத்துனா அந்தச் சர்வர், அதோட கார்டு, அதோட கேபிள். ஒரே பெட்டியைப் பாக்கற எல்லாச் சர்வரும் ஒண்ணாக் கத்துனாப் பெட்டி, இல்லை அதுக்கு முன்னால இருக்கற சுவிட்ச். ஒரே சுவிட்ச்சுல தொங்கறது மட்டும் கத்துனா அந்த சுவிட்ச். இதுக்கு ஏஐ டூல் வாங்கப் போறாங்கன்னு கேள்விப்பட்டேன். வாங்கட்டும். அதுக்கும் கடிகாரம் சரியா இருக்கணும்.

அப்பாரு தூங்கப் போறேன். நீ "இன்ஃபோ"ன்னு ரூல் போட்டு ஒரு ஃபோல்டருக்குத் தாட்டிவிட்ட மெயில் இருக்குதே, அதைத் தொறந்து "ரிமெய்னிங் ஆக்டிவ் பாத்ஸ்"னு தேடு. 1ன்னு முடியற வரிக்குப் பொறகு அந்தத் தடம் திரும்பி வந்த வரி இல்லாத சர்வர் ஒண்ணு கெடைச்சாக்கூட, வெடிஞ்சதும் மொத டிக்கெட்டை அதுக்குப் போடு. சப்ஜெக்ட்ல சர்வர் பேரு, எந்தத் தடம், எப்பப் போச்சு, யூடிசியா நம்ம நேரமா, நாலையும் எழுது. "ப்ளீஸ் செக்"னு எழுதாதே.